இவர் உமக்கு என்ன முறை?

காலையில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் புறப்படும்போது எங்கள் தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தி, நான் யார் என்று கேட்பார்கள். கேட்பவர் ஹசான் என்ற மலாய்க்காரக் காவலர். எட்டு வருடமாக என்னைத் தெரிந்தவர். சுங்கை புரோங்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்வந்தால் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். எனக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டபோது தன் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவரும் அவர்தான். ஆனாலும் காலையில் "காட்" என்று கையை நீட்டுவார். அடையாள அட்டையைக் கொடுப்பேன். அட்டையில் இருக்கும் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "நாமா?" என்று பெயரைக் கேட்பார். "பெரியண்ணன்" என்பேன். அப்புறம் இடுப்பில் சோற்றுப் பொட்டலம் மறைத்துவைத்திருக்கிறேனா என்று தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்று தலையசைப்பார். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்பதற்காகச் சர்க்கார் செய்த ஏற்பாடு. லயம் என்று சொல்கிற எங்கள் வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இது இரண்டாம் வருடம். மற்ற பல இடங்களில் வேலியைப் பிரித்துவிட்டார்களாம். ஈஜோக் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் இன்னும் பிரிக்கவில்லை.

நான் யார் என்ற கேள்விக்கு அந்த வாசலில் ஒரு நாளும் தவறாகப் பதில் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, வேறொரு வாசலில், வேறொருத்தி யார் என்று என்னைக் கேட்டபோது தவறிவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். எழுதினால் எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் ஊர் முசிறிக்கு மேற்கே. ஐந்தாவது வரை படித்துவிட்டு, பதினேழு வயதில் கப்பலேறினேன். எங்கள் பக்கத்தில் அக்காவுக்குப் பெண் பிறந்தால் அவள் தாய்மாமனுக்கு உரிமைப் பெண். தொட்டிலில் கிடக்கும்போதே ஊர் அப்படித்தான் சொல்லும். என் அக்கா மகள் பாவாயி பிறந்த செய்தி எனக்குத் தோட்டத்துக்குக் கடிதமாக வந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சண்டை வந்து, ஜப்பான்காரன் வந்து, அவனும் போன பிறகு ஊருக்குப் போனேன். முப்பத்தெட்டு வயதாகியிருந்தது. அவளுக்கு இருபது. "வேறு இடம் பார்த்துக்கொடுங்கள்" என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா அழுதாள். பாவாயி கதவுக்குப் பின்னாலிருந்து, "மாமாவுக்குப் பிடிக்கலைன்னா விட்டுரும்மா, நான் இப்படியே இருந்துக்கறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த ரோஷம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். மூன்று மாதம் சேர்ந்து இருந்தோம். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பெயரைச் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் வேறு யாரோ ஒரு பெரியண்ணன் இருந்தார். அவரைக்கூட "அந்தக் கடைக்காரரு" என்றுதான் சொல்வாள்.

அவளை அப்போதே கூட்டிவந்திருக்கலாம். ஆனால் நான் திரும்பி வந்த நேரத்தில் தோட்டங்களில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் ஒருவரை மரத்தில் கட்டிவைத்துச் சுட்டிருந்தார்கள். எங்கள் மரங்களையும் பட்டை உரித்துப் போட்டிருந்தார்கள். இந்த நிலையில் ஒரு பெண்ணை எங்கே கொண்டுவந்து வைப்பது. கொஞ்சம் அடங்கட்டும் என்று எழுதினேன். அடங்கட்டும், அடங்கட்டும் என்று ஏழு வருடம் எழுதினேன். குழந்தை ஒன்று இருந்திருந்தால் பின்னால் காட்டுவதற்காவது உதவியிருக்கும். அதுவும் இல்லை.

போன வருடம் ஒரு பேச்சுக் கிளம்பியது. மனைவியைப் பல வருடம் ஊரில் விட்டிருப்பவர்களுக்கு இனிமேல் அவளைக் கூட்டிவரப் பெர்மிட் கொடுக்கமாட்டார்கள், புதுச் சட்டம் வரப்போகிறது என்றார்கள். எங்கள் தோட்டத்துக் கிராணி என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. மனு எழுதுவதும் அவர்தான்.

"நீ மொதல்ல இந்த நாட்டுப் பிரஜையா ஆயிடு, பெரியண்ணா. பிரஜையோட பொண்டாட்டின்னா அவ்வளவா கேள்வி கேக்கமாட்டான் லா."

"ஊருக்குப் போக வர ஒண்ணும் தடையில்லையேங்க ஐயா?"

"போலாம். விருந்தாளி மாதிரி போலாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தேன் என்று காட்ட வேண்டும். சண்டைக்கு முந்திய பேரேடுகள் எரிந்துபோயிருந்தன. மண்டோர் சவரிமுத்து எனக்காகக் கோலசிலாங்கூருக்கு வந்து, என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்று சாட்சி சொன்னார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் பேசியது இப்போதும் காதில் இருக்கிறது. "எங்க கோயில்ல கலியாணம்னா சாமியார் புஸ்தகத்துல எழுதி ரெண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்வாரு. உங்க கோயில்ல தேங்காயை ஒடைச்சதும் முடிஞ்சுது. தேங்காயா வந்து சாட்சி சொல்லும்?" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

பிரமாணம் எடுக்கும் நாளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது பேரை வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி சொல்லச் சொல்ல நாங்களும் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். வேறு எந்த நாட்டின் மீதும் எனக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வரி வந்தது. என் பக்கத்தில் நின்ற கிழவர் அந்த வரியில் மட்டும் வாயை அசைக்காமல் இருந்தார். நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அந்த நாட்டிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவருவதற்காகத்தான் அந்த நாட்டை விடுகிறேன் என்று மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன். பத்திரம் வந்த அன்று ஹசானிடம் காட்டினேன். அவர் என் தோளைத் தட்டி, "சூடா ஜாடி ஓராங் சினி" என்றார். நீ இந்த ஊர் ஆளாகிவிட்டாய் என்று அர்த்தம். மறுநாள் காலையில் வழக்கம்போல "காட்" என்று கையை நீட்டினார்.

பெர்மிட் கிடைத்தது. கிராணி சொன்னபடி ஊரிலிருந்து கிராம முன்சீப்பிடம் ஒரு சான்றுக் கடிதமும் வாங்கி வைத்திருந்தோம். அதில் அவர் அழகான கையெழுத்தில், "மேற்படி பெரியண்ணனின் உடன்பிறந்த சகோதரி மகளான மேற்படி பாவாயி உரிமைப் பெண் ஆனபடியால் முறைப்படி விவாகம் செய்து கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். வேறு யாரோ ஒருத்தியைக் கட்டிக்கொள்ளவில்லை, சொந்தத்துக்குள்தான் முடித்தார்கள் என்று அவர் சேர்த்தெழுதிய மரியாதை அது. படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாகப்பட்டினத்துக் கப்பல் வந்த அன்று, புதுச் சட்டை போட்டுக்கொண்டு துறைமுகத்து இரும்புக் கம்பிக்கு வெளியே நின்றேன். இறங்கி வரும் கூட்டத்தில் அவளை முகத்தை வைத்து அடையாளம் காணவில்லை. நடையை வைத்துக் கண்டேன். அக்காவின் நடை. இளைத்திருந்தாள். ஒரு தகரப்பெட்டியும் சுருட்டிய பாயும் கையில் இருந்தன. அதே கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரியை அவள் புருஷன் எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். ஏழு வருடம் கழித்துப் பார்க்கிற மனைவியை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த குடியேற்ற அதிகாரி, ஒரு வெள்ளைக்காரத் துரை, எங்கள் இருவரையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

துரையின் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்காக ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர் உட்கார்ந்திருந்தார். வயதானவர், நெற்றியில் விபூதி. அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நம் பாஷை பேசுகிறவர், நம் சாமியைக் கும்பிடுகிறவர். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"பிள்ளை, அங்க நிக்கிறவர், இவர் உமக்கு என்ன முறை?"

"எங்க மாமாங்க."

"மாமன் எண்டால்? தாயோட கூடப்பிறந்தவரோ?"

"ஆமாங்க. எங்கம்மாவுக்கு நேர் எளையவரு."

"அவரின்ர பேர் என்ன?"

பாவாயி பாயை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"பேர் தெரியாதோ?"

"தெரியுங்க. சொல்லமாட்டேனுங்க."

அவர் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை முன்சீப் கடிதத்தை எடுத்து அதில் ஓரிடத்தில் விரலை வைத்துக் கேட்டார். அவர் படித்துச் சொன்னார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"தம்பி, பொய் சொல்லப்படாது. துரை எல்லாம் விசாரிப்பார். இவ உம்முடைய மனிசியோ, அக்காவின்ர மகளோ? ஒண்டைச் சொல்லும்."

எங்கள் ஊரில் மனுசி என்றால் ஒரு பொம்பளை, யாரோ ஒருத்தி. ரோட்டில் போகிறவளும் மனுசிதான். யாரோ ஒரு பொம்பளையைக் கூட்டிவருகிறாயா, அல்லது உன் சொந்த அக்கா மகளா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். இதற்கு யோசிப்பானேன். "அக்கா மகதானுங்க" என்றேன். "சொந்த அக்காவோ?" என்றார். "கூடப்பொறந்த அக்காங்க" என்றேன். பாவாயி சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போகிறது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவளும் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நன்றாகப் பதில் சொன்னீர்கள் என்பதுபோல ஒரு சிரிப்பு.

துரை காகிதத்தில் முத்திரை குத்தினார்.

பெரியவர் எழுந்து என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். அவர் குரலில் கோபம் இல்லை. "உம்மில வழக்குப் போடாமல் விடச் சொல்லித் துரையைக் கேட்டிருக்கிறன். படிப்பில்லாத ஆள், விட்டுவிடுங்கோ எண்டு சொன்னனான். அக்காவின்ர பிள்ளை உமக்கும் பிள்ளை மாதிரியல்லோ? அவவைப் பெண்சாதி எண்டு எழுதிக் கூப்பிடலாமோ?"

பெண்சாதி என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு ஏதோ விளங்கியது. "பொண்டாட்டிதாங்க. கலியாணம் ஆயிருச்சுங்க" என்றேன். சொல் பாதிதான் வெளியே வந்தது.

"இப்ப மாத்திச் சொல்லாதேயும், தம்பி. அது இன்னும் பிழையாய்ப் போகும்."

பாவாயியைத் திரும்பவும் கப்பலுக்குக் கூட்டிப்போனார்கள். அவள் பாயை மறந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு சிப்பந்தி ஓடிப்போய்க் கொடுத்தான். எதற்காக நடக்கிறோம் என்று தெரியாமலே அவள் நடந்து போனாள் என்றுதான் நினைக்கிறேன்.

தோட்டத்துக்கு வந்து கிராணியிடம் நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மனிசி என்ற இடம் வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அட பாவி மனுசா. யாழ்ப்பாணத்தார் பொண்டாட்டியைத்தான்யா மனிசின்னு சொல்லுவாங்க" என்றார். பொண்டாட்டியா, அக்கா மகளா என்று அந்தப் பெரியவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே உண்மை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் மற்றதைச் சொல்லிவிட்டேன்.

கிராணி அன்றைக்கே மேல் அதிகாரிக்கு எழுதினார். கப்பல் சிங்கப்பூர் போய்த் திரும்பி இதே துறைமுகத்துக்கு வரப் பத்து நாளாகும். அதற்குள் பதில் வந்தால் அவளை இறக்கிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பத்து நாளும் நான் மரத்தில் கத்தி வைத்த இடமெல்லாம் காயம். மண்டோர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. சாயங்காலம் லயத்துக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பேரு பெரியண்ணன், உறவு தாய்மாமன். புருசன்ங்கிறதை அவன் எந்தக் கட்டத்துலய்யா எழுதுவான்?" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்காததைப் பார்த்துத் தன் சுருட்டில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முதலில் சொன்னதற்கும் பிறகு எழுதியதற்கும் முரண்பாடு இருக்கிறது, சகோதரி மகளை மணப்பதைத் தங்கள் விதிப்படி ஏற்க முடியாது என்று கிராணி படித்துக் காட்டினார். அங்கே எது எனக்கு உரிமை தந்ததோ, அதுவே இங்கே குற்றமாக எழுதப்பட்டிருந்தது.

கப்பல் திரும்பி வந்த அன்று, மூட்டை தூக்குகிறவர்களோடு சேர்ந்து துறைமுகத்து ஓரத்தில் நின்றேன். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாவாயி நின்றாள். இறங்க அவளுக்கு அனுமதி இல்லை, ஏற எனக்கு அனுமதி இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். கப்பல் ஊதிய பிறகு, நாலு பேர் முன்னால் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவள், "மாமா" என்று கூப்பிட்டாள். துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் கையை மார்பு வரைக்கும் தூக்கினேன். அதற்கு மேல் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற கூலியாள் கேட்டார்.

"யாருண்ணே, மருமகளா?"

"என் பொண்டாட்டி" என்றேன். அந்தச் சொல்லை ஒரு வெளியாளிடம், தடுமாறாமல், வாய்விட்டு நான் சொன்னது அன்றைக்குத்தான். அவர் "அப்படியா" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு மூட்டையை நோக்கிப் போனார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பினாங்குக்குப் போகும் கப்பல் கோலசிலாங்கூருக்கு நேரே கடலில் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸைப் பிடித்து வந்து கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றில் ஏறினேன். கீழே ஆற்றுமுகத்தில் வெறும் சேறு, அதற்கப்பால் கடல். வெகுநேரம் கழித்துத் தூரத்தில் ஒரு புகை தெரிந்தது. அதே கப்பல்தானா என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்று வைத்துக்கொண்டேன். அது வடக்கே நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. ஆறு மணிக்கு வேலிவாசலைப் பூட்டிவிடுவார்கள். கடைசிக்கு முந்திய பஸ்ஸை விட்டால் வெளியே நிற்கவேண்டியிருக்கும், வெளியே நிற்பவனைச் சுடலாம் என்பது சட்டம். புகை கண்ணில் தெரிந்துகொண்டிருக்கும்போதே நான் இறங்கினேன்.

வாசலில் ஹசான் ஆவலோடு காத்திருந்தார். இந்தப் பத்து நாளும் அவருக்கு வேறு வாசலில் காவல். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. "பீனி மானா?" என்றார். பெண்டாட்டி எங்கே என்று. "பாலிக்" என்றேன், திரும்பிப் போய்விட்டாள். மற்றதை விளக்க என் மலாய் போதாது. சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று அவர் புரிந்துகொண்டார். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள், என் மனைவியும் அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சமாதானம் சொன்னார். நான் திருத்தவில்லை. அக்கா மகளைக் கட்டுவது அவர்கள் மார்க்கத்திலும் பெரிய பாவம் என்று கிராணி சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் இந்த ஒரு சிநேகிதமும் போய்விடும். இப்போதும் பத்து நாளைக்கு ஒரு தடவை, கோபம் தணிந்ததா என்று கேட்கிறார். "பெலும்" என்கிறேன், இன்னும் இல்லை.

நீயே ஊருக்குப் போய்விடலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே எனக்கு நிலமில்லை. நாற்பத்தைந்து வயதில் மரம் வெட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது; முசிறியில் ரப்பர் மரம் இல்லை. நான் இங்கிருந்து அனுப்புவதில்தான் அக்கா வீட்டு அடுப்பு எரிகிறது. விருந்தாளியாகப் போய் எத்தனை நாள் இருப்பது. போய்த் திரும்பும்போது மறுபடியும் துறைமுகத்து மேசைக்கு முன்னால் பதில் சொல்ல நிற்கப்போவது அவள் இல்லை, நான்தான்.

போன வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது வரை படித்தவள், பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதுவாள். எப்போதும் "அன்புள்ள மாமாவுக்கு" என்று ஆரம்பிப்பாள். இந்தத் தடவை "அன்புள்ள" என்பதற்குப் பிறகு ஐந்தெழுத்து அளவுக்கு இடம் விட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "நான் சொன்ன சொல்லால்தான் திருப்பி அனுப்பினார்கள் என்று கப்பலில் ஒருவர் சொன்னார். அங்கே கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்களாமே. எதை எழுதினால் உங்களுக்குக் கெடுதல் வராது என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்."

அவள் சொன்ன சொல்லில் பிழை இல்லை, என் சொல்லில்தான் என்று எழுதினேன். நிறைய எழுதினேன். முடிவில் "இப்படிக்கு" என்று போட்டேன். வழக்கமாக அடுத்து "உன் மாமா" என்று வரும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெடுதல் வந்துவிடுமோ என்று மாமா என்ற எழுத்துகளைப் பார்த்து அவள் பயப்படுவாள். பெயரைப் போடலாம் என்றால், அவள் அதை வாய்விட்டுப் படிக்கமாட்டாள். உறையின்மேல் அனுப்புகிறவர் பெயரைக் கேட்கும் இடத்தில் பெரியண்ணன், தோட்டத்தின் பெயர், கோலசிலாங்கூர், மலாயா என்று எல்லாவற்றையும் முழுசாக எழுதினேன். உள்ளே "இப்படிக்கு" என்பதற்குக் கீழே நானும் இடம் விட்டு, மடித்து ஒட்டினேன்.